யமுனா பேங்க் தாண்டி இந்திரபிரஸ்தா வர்றதுக்குள்ள

டெல்லில காலைல 8:40 மெட்ரோ, லேடீஸ் கோச். மயூர் விஹார் ஒண்ணு ஸ்டேஷன்ல ஏறுறப்ப சில நாள் உட்கார எடம் கெடைக்கும், கெடைச்சாலும் யமுனா பேங்க் ஸ்டேஷன் வந்ததும் எந்திரிச்சு கதவுகிட்ட போய் நின்னுக்குவேன், பக்கத்துல நிக்கிற பொண்ணு சந்தோஷமா அந்த சீட்ல உட்காந்துரும். வண்டி கெளம்பி பாலத்துல ஏறினா அடுத்தது இந்திரபிரஸ்தா. நடுவுல ஒரு நிமிஷமோ ஒன்றரை நிமிஷமோ. எனக்கும் யமுனைக்கும் உள்ள பழக்கம் முக்காவாசி அந்த ஒன்றரை நிமிஷத்துலதான், போக ஒரு தடவ வர ஒரு தடவ, பதினோரு வருஷமா.

பாலத்துல இருந்து ஆத்த எட்டிப் பாக்கறது சின்ன வயசுலயே தொத்திக்கிட்ட வியாதி. சொந்த ஊர் திருவானைக்காவல். காலேஜுக்கு ஒண்ணாம் நம்பர் பஸ், காவேரி பாலம் தாண்டிதான் திருச்சி. ஜூன் மாசம் மேட்டூர் திறந்துட்டாங்கன்னு பேப்பர்ல வந்தா ரெண்டு மூணு நாள் பஸ்ல எல்லார் தலையும் ஜன்னல் பக்கமே இருக்கும், தண்ணி வந்துருச்சா வந்துருச்சான்னு. கண்டக்டர் கூட டிக்கெட் குடுக்கறத நிறுத்திட்டு பாப்பாரு. தண்ணி வராத வருஷம் வெறும் மணல், பசங்க கிரிக்கெட் ஆடிட்டு இருப்பாங்க. அதனால ஆறுன்னா பன்னெண்டு மாசமும் தண்ணி இருக்கும்ங்கற மூட நம்பிக்கை எல்லாம் எனக்கு கெடையாது. வத்திப்போன ஆறு எனக்கு பழக்கம்தான். ஆனா வத்திப்போன ஆத்துல வேற ஏதோ ஓடும்ங்கறது டெல்லி வந்துதான் தெரிஞ்சது.

வந்தது 2014 ஜனவரி. நல்ல பனி, கதவுக் கண்ணாடி வழியா பாத்தா வெள்ளை துணி கட்டின மாதிரி இருக்கும், ஒண்ணும் தெரியாது. முதல் ரெண்டு வாரம் கீழ ஆறு இருக்குன்னே எனக்கு தெரியாது, நாத்தம் மட்டும் வரும், ஏதோ ட்ரெயினேஜ் போகுது போலன்னு நெனச்சுக்குவேன். ஒரு நாள் வெயில் அடிச்சு பனி விலகுச்சு, பாத்தா அம்மாடி எவ்வளவு அகலம், நடுவுல கருப்பா ஒரு தண்ணி, அசையாம, மேல வெள்ளை வெள்ளையா பறவைங்க. பக்கத்துல நின்ன அக்காகிட்ட எனக்கு தெரிஞ்ச அரைகுறை ஹிந்தில இது என்னன்னு கேட்டேன். ஜமுனா ஜி-ன்னாங்க. அந்த ‘ஜி’ இன்னும் காதுல இருக்கு. இவ்வளவு மரியாதை குடுத்துட்டு இப்படி வச்சிருக்காங்களேன்னு.

ட்ரெயினேஜ்னு நான் நெனச்சது பெருசா தப்பில்லன்னு எங்க எதிர் ஃப்ளாட் மாமாதான் சொன்னாரு. 74ல சென்ட்ரல் கவர்ன்மென்ட் வேலைக்கு வந்தவரு, ரிட்டயர் ஆகியும் ஊருக்கு போகல, டெல்லி பத்தி என்ன கேட்டாலும் ஒரு மணி நேரம் பேசுவாரு. வடக்க வஜீராபாத்ல ஒரு தடுப்பணை இருக்கு, ஆத்துல வர்ற தண்ணிய குடிக்கறதுக்குன்னு அங்கேயே எடுத்துருவாங்க. மழைக்காலம் தவிர மத்த நேரத்துல அதுக்கு கீழ நல்ல தண்ணின்னு விடறது ரொம்ப கொஞ்சம். கொஞ்ச தூரத்துலயே நஜஃப்கர் நாலா, அதாவது பெரிய சாக்கடை, வந்து கலக்கும், அப்புறம் வரிசையா நாலாக்கள். நாம பாலத்துல இருந்து பாக்கறது அந்த நாலாக்களோட தண்ணிதான், ஆறு ஓடின தடத்துல ஓடுது, அவ்ளோதான்னாரு. யமுனோத்ரில இருந்து பிரயாக்ராஜ் வரைக்கும் 1376 கிலோமீட்டர், அதுல வஜீராபாத்ல இருந்து தெற்க ஓக்லா வரைக்கும் வெறும் 22, ரெண்டு சதவீதம் கூட இல்ல, ஆனா ஆத்தோட மொத்த அழுக்குல முக்காவாசி இந்த 22 கிலோமீட்டர்ல சேருதுன்னு கணக்கு சொல்றாங்க. இன்னொண்ணும் சொன்னாரு. நாம கிழக்கு டெல்லி, யமுனைக்கரையில குடியிருக்கோம்னு பேரு, குழாய்ல வர்றது பெரும்பாலும் கங்கைத் தண்ணி, முராத்நகர்ல போற கங்கைக் கால்வாய்ல இருந்து பைப்ல வருதுன்னு. எனக்கு சிரிப்பு வந்துருச்சு. காவேரிக்கரைல பொறந்து யமுனைக்கரைல குடியிருந்து கங்கை தண்ணில ரசம் வைக்கிறேன், இதுக்கு மேல என்ன புண்ணியம் வேணும்.

சரி விஷயத்துக்கு வர்றேன். டெல்லில வெயில் குளிருன்னா எல்லாரும் ஏசி, ஹீட்டர், காத்து மாசு இதத்தான் பேசுவாங்க. எனக்கு காலண்டர் பாலத்துக்கு கீழ இருக்கு. ஒரு குடிசை. நீல தார்ப்பாய் போட்டது, கிழக்கு கரை பக்கம் காதர்ல, அதாவது ஆத்துக்கும் புஷ்தாங்கற கரை மேட்டுக்கும் நடுவுல உள்ள வெள்ளச் சமவெளில, காய்கறி போடறவங்க குடிசை. மார்ச்ல அது தண்ணில இருந்து ரொம்ப தள்ளி இருக்கும். மே மாசம் இன்னும் தள்ளி போன மாதிரி ஆயிரும், ஏன்னா ஆறு ஒரு ஓரமா சுருங்கிரும், நடுவுல மணல் திட்டு, அதுல மாடு நிக்கும். வெயில் காலம் பத்தி சொல்ல இதுக்கு மேல ஒண்ணும் இல்ல, நாத்தம் ஏறும், லூங்கற அனல் காத்து அடிக்கும், புஷ்தா ரோட்டோரம் தர்பூசணியும் கக்கடி வெள்ளரியும் குமிச்சு விப்பாங்க. என் வீட்டுக்காரர் காதர்ல வெளைஞ்ச கீரை மட்டும் வாங்காதங்கறாரு, அந்த தண்ணில என்னென்ன இருக்கோன்னு. கீரைக்காரர் எல்லாருமே இது காதர் கீரை இல்லன்னுதான் சொல்றாங்க. அப்ப காதர் கீரைய யார்தான் விக்கிறாங்க?

மழைக்காலம் வந்தா குடிசை காணாம போகும். இங்க ஒரு வேடிக்கை, டெல்லில பெய்யுற மழைக்கும் யமுனைல வர்ற வெள்ளத்துக்கும் அவ்வளவா சம்பந்தம் இல்ல. ஹிமாச்சல்லயும் உத்தராகண்ட்லயும் பெய்யணும், ஹரியானாவுல ஹத்னிகுண்ட் பேரேஜ்ல திறந்து விடணும், அது டெல்லி வர ரெண்டு மூணு நாள். ஜூலை வந்தா எங்க சொசைட்டி வாட்ஸப் க்ரூப்ல குட் மார்னிங் படங்களுக்கு நடுவுல ‘ஹத்னிகுண்ட் 1 லட்சம் க்யூசெக்’னு, அதாவது வினாடிக்கு ஒரு லட்சம் கன அடின்னு, மெசேஜ் வர ஆரம்பிக்கும். அப்புறம் பழைய இரும்புப் பாலத்துல, லோஹே கா புல்னு சொல்லுவாங்க, 1860கள்ல கட்டினது, மேல ரயில் கீழ ரோடு, அங்க அளக்கற மட்டம். 204.50 எச்சரிக்கை. 205.33 அபாயம். 206 ஆச்சுன்னா காதர்ல இருக்கறவங்கள வெளியேத்துவாங்க. கடல் மட்டத்துல இருந்து மீட்டர் கணக்கு. இந்த நம்பரெல்லாம் எனக்கு என் ஆதார் நம்பர விட நல்லா தெரியும்.

2023 பத்தி சொல்லியே ஆகணும். ஜூலை 9 காலைல வரைக்கும் ஒரே நாள்ல டெல்லில 153 மில்லிமீட்டர் மழை, ஜூலைல இந்த மாதிரி 1982க்கு அப்புறம் பெய்யலன்னாங்க. அன்னிக்கு எல்லாரும் பஜ்ஜி போட்டு போட்டோ போட்டுட்டு இருந்தோம். மழை விட்டுருச்சு. 11, 12 நல்ல வெயில், துணி காயப்போட்டேன், வானம் நீலமா இருக்கு, ஆனா நம்பர் ஏறிக்கிட்டே போகுது. மேல இருந்து மூன்றரை லட்சம் க்யூசெக்குக்கு மேல விட்டிருக்காங்க. வெயில்ல வெள்ளம் வர்றத நான் அதுக்கு முன்னாடி பாத்ததே இல்ல, அது ஒரு மாதிரி பயமா இருந்துச்சு, மழை பெய்ஞ்சாவது இதனாலதான்னு இருக்கும். 12ஆம் தேதி 207.49 தாண்டுச்சு, 1978ல வந்த ரெக்கார்ட் அது. மாமா அடிக்கடி சொல்லுவாரு, 78ல மாடல் டவுன்ல இருந்த ஃப்ரெண்ட் வீட்டுக்குள்ள தண்ணி பூந்து அவங்கள போட்ல கூட்டிட்டு வந்த கதைய, அந்த மாதிரி இனிமே வராதும்மான்னு முடிப்பாரு. 13ஆம் தேதி 208.66.

அன்னிக்கு மெட்ரோ ஓடுச்சு. யமுனா பேங்க் ஸ்டேஷன்ல வெளிய போற வழி மூடிட்டாங்க, வண்டி மாறலாம், எறங்கி வெளிய போக முடியாது, ஏன்னா ஸ்டேஷனுக்கு வர்ற ரோடே தண்ணிக்குள்ள. பாலத்துல எல்லா வண்டியும் 30 கிலோமீட்டர் வேகத்துலதான் போகணும்னு வச்சிருந்தாங்க. என்னோட ஒன்றரை நிமிஷம் அன்னிக்கு நீண்டுகிட்டே போச்சு. கோச்ல ஒருத்தரும் போன் பாக்கல. எல்லாரும் எந்திரிச்சு கண்ணாடிகிட்ட, அப்படியே நம்ம ஒண்ணாம் நம்பர் பஸ் மாதிரி. பழுப்பு நிறத்துல ஒரே தண்ணி, கரைன்னு ஒண்ணு இல்ல, மரத்தோட தலை மட்டும் தெரியுது, என்னென்னமோ மிதந்து போகுது, சிலிண்டர், கட்டில், ஒரு பிளாஸ்டிக் சேர் நேரா நிமிந்து உட்காந்த மாதிரி போச்சு. குடிசை எங்க இருந்துச்சுன்னு கூட அடையாளம் தெரியல. ஒரு வயசான அம்மா கை கூப்பி கும்பிட்டாங்க, அவங்கள பாத்து இன்னும் ரெண்டு பேர் கும்பிட்டாங்க. நானும்தான். கன்னத்துல போட்டுக்கிட்டேன், அது நம்ம ஊர் பழக்கம்.

ஐ.டி.ஓ. ரோட்டுல இடுப்பளவு, செங்கோட்டை சுவர் வரைக்கும் தண்ணி போயிருச்சு, பழைய மேப்ல ஆறு அங்கதான் ஓடுச்சாம், ஆத்துக்கு ஞாபகம் இருக்கு போல. அதே நேரத்துல வஜீராபாத், சந்திராவல், ஓக்லா மூணு சுத்திகரிப்பு நிலையமும் தண்ணி பூந்து மூடியாச்சு, கரோல் பாக்ல இருக்கற என் ஃப்ரெண்ட் போன் பண்ணி தண்ணி கேன் கெடைக்குமான்னு கேக்கறா. ஊரே முங்கிப் போயிருக்கு, குழாய்ல சொட்டு இல்ல. எங்க புஷ்தா ரோடு நெடுக டென்ட். காதர்ல இருந்து ஏறி வந்தவங்க, எருமை, கோழி, ஸ்கூல் பை, டிவி எல்லாம் ரோட்டோரத்துல. என் குடிசைக்காரங்க அதுல யாருன்னு எனக்கு தெரியாது. பத்து வருஷமா தினம் பாக்கற வீடு, ஆள் மூஞ்சி தெரியாது. எங்க ப்ளாக்ல நாலஞ்சு தமிழ் குடும்பம் சேர்ந்து எலுமிச்சம்பழ சாதமும் தயிர் சாதமும் கிண்டி கொண்டு போனோம், ஒரு சின்ன பையன் தயிர் சாதத்த வாயில வச்சுட்டு சர்க்கரை கேட்டான். அது வடக்கத்தி ருசி, குடுத்தோம்.

அதுக்கு முந்தின வருஷம்தான் அம்மா வந்து ஆறு மாசம் எங்க கூட இருந்தாங்க. ஆடி பதினெட்டுக்கு சரியா யமுனைல மழைத்தண்ணி ஓடுற சமயம், இத நான் அதுவரைக்கும் யோசிச்சதே இல்ல, ரெண்டாயிரம் கிலோமீட்டருக்கு அந்தப்பக்கம் உள்ள ஆத்துக்கு வச்ச பண்டிகை இந்த ஆத்துக்கும் பொருந்துது. ஸ்ரீரங்கம் அம்மா மண்டபம் படித்துறையில கூட்டத்துல இடிபட்டு கும்பிட்டு பழகினவங்க, இங்க புஷ்தாவுல இருந்து வயல் வரப்பு மாதிரி ஒரு ஒத்தையடி பாதைல கூட்டிட்டு போனேன். தண்ணி கலங்கலா செம்மண் நிறத்துல வேகமா போச்சு, நாத்தம் அவ்வளவா இல்ல, உண்மையாவே இல்ல, அந்த ரெண்டு ரெண்டரை மாசம் அது ஆறுதான். அம்மா கொஞ்ச நேரம் பாத்துட்டு, நல்லாத்தானடி ஓடுது, ஏன் எப்பப் பாத்தாலும் குறை சொல்றன்னாங்க. மஞ்சள் பிள்ளையார், காதோலை கருகமணி, புளியோதரை எல்லாம் எடுத்துட்டு வந்திருந்தாங்க. மாடு மேய்ச்சுட்டு இருந்த ஒரு பொண்ணு வந்து என்னமோ கேட்டுச்சு, அம்மாவுக்கு ஹிந்தி ஒரு வார்த்தை தெரியாது, அந்த பொண்ணு கையில மஞ்சக்கயிற கட்டி விட்டு புளியோதரைய வாழை இலை இல்லாம பேப்பர் ப்ளேட்ல குடுத்தாங்க. அது என்ன ஏதுன்னு கேக்காம வாங்கி சாப்பிட்டுச்சு. காரம்னு மட்டும் சொல்லுச்சு.

அதே அம்மா அக்டோபர் கடைசில ஜசோலாவுல ஒரு சொந்தக்காரங்க வீட்டுக்கு போறப்ப காளிந்தி குஞ்ச் பாலத்துல காருக்குள்ள இருந்து கத்தினாங்க. ஐயோ பாருடி, நுங்கும் நுரையுமா வருது! புது வெள்ளம்னு நெனச்சுட்டாங்க. நமக்கு நுங்கும் நுரையும்னா அதானே, மேட்டூர் திறந்து முதல் தண்ணி வர்றப்ப முன்னாடி தள்ளிக்கிட்டு வருமே அந்த நுரை, அதப் பாத்தா கையெடுத்து கும்பிடுவோம், பூ போடுவோம். இங்க வந்தது சோப்பு நுரை. நான் விளக்கினேன், மழை நின்னா நல்ல தண்ணி கொறஞ்சிரும், வீடுகள்ல இருந்து வர்ற துணி சோப்பும் பாத்திரம் கழுவுற சோப்பும் சாக்கடையோட நேரா வரும், ஓக்லா பேரேஜ்ல அந்த தண்ணி மேல இருந்து விழறப்ப மிக்ஸில அடிச்ச மாதிரி நுரைக்கும், குளிர் ஆரம்பிக்கறதால சீக்கிரம் அடங்காதுன்னு. அம்மா ஒண்ணும் சொல்லல. வீட்டுக்கு வந்ததும் சிங்க்கிட்ட நின்னு, நீ ஏன் இவ்வளவு விம் ஊத்துறன்னு கேட்டாங்க. அவங்க ஊருக்கு போற வரைக்கும் எங்க வீட்ல பாத்திரத்துக்கு சாம்பல் இல்லாத குறையா பாதி பாதி சோப்புதான்.

அந்த நுரைய கிட்டக்க பாத்தது 2019ல, ஆபீஸ்ல கூட வேலை பாக்கற பீகார் பொண்ணு சட் பூஜைக்கு கூப்பிட்டா. தீபாவளி முடிஞ்சு ஆறாம் நாள் சாயங்காலம் மறையுற சூரியனுக்கு, மறுநாள் விடியக்காலைல உதிக்கிற சூரியனுக்கு. ரெண்டு நாளும் போனேன். காலைல நாலரை மணிக்கு இருட்டுல வெள்ளை வெள்ளையா மலை மாதிரி நிக்குது, பொம்பளைங்க மூக்கு நுனில இருந்து உச்சி வரைக்கும் ஆரஞ்சு குங்குமம், ஒன்றரை நாள் பச்சைத்தண்ணி குடிக்காத விரதம், இடுப்பளவு அந்த நுரைக்குள்ள நின்னு முறத்துல பழத்த வச்சு சூரியன எதிர்பாத்துட்டு இருக்காங்க. போட்டோகிராஃபர் கூட்டம் வேற. அவளோட மாமியார் எறங்கறதுக்கு முன்னாடி கையால நுரைய ரெண்டு பக்கமும் ஒதுக்கினாங்க, காய்ஞ்ச இலைய ஒதுக்கற மாதிரி, ஒரு அருவருப்பும் இல்லாம. எனக்கு கோவமும் வந்துச்சு, யார் மேலன்னு தெரியல. டேகுவா நல்லா இருந்துச்சு, நம்ம ஊர் கோதுமை பிஸ்கட் மாதிரி, இன்னும் ஒரு டப்பா வாங்கிட்டு வந்தேன்.

குளிர்காலம்தான் போட்டோ சீசன். நிகம்போத் சுடுகாட்டுப் பக்கத்துல யமுனா காட்ங்கற படித்துறைல விடியக்காலைல போட்ல போனா கடல்காக்கா ஆயிரக்கணக்குல இருக்கும். நவம்பர்ல சைபீரியா, மத்திய ஆசியா பக்கம் இருந்து வருதுங்க, மார்ச் வாக்குல கெளம்பிரும். படகுக்காரரு சேவ் பாக்கெட் விப்பாரு, ஒரு கை அள்ளி வீசிட்டு ‘ஆவோ ஆவோ’ன்னு கத்துவாரு, அவ்ளோதான், தலைக்கு மேல வெள்ளையா ஒரு கூரை. இன்ஸ்டாகிராம்ல பாக்கறவங்க காஷ்மீரான்னு கேப்பாங்க. நாத்தம் போட்டோல வராது பாருங்க. கல்யாண ஜோடி ஒண்ணு, அந்த பொண்ணு ஸ்லீவ்லெஸ் கவுன்ல ஏழு டிகிரி குளிர்ல நடுங்கிட்டே சிரிச்சுட்டு இருந்துச்சு. பறவைக்கு மிக்சர் போடறது அதுக்கு நல்லதில்ல, நானும் போட்டிருக்கேன், இப்ப போடறதில்ல.

அந்த பறவைங்க பக்கத்துல நான் கடைசியா போனது போட்டோ எடுக்க இல்ல. மாமா 2022 ஜனவரில போயிட்டாரு. 208.66 பாக்கல அவரு. நிகம்போத்துக்குதான் கொண்டு போனோம், எங்களுக்கு முன்னாடி நாலஞ்சு பேர் வரிசைல இருந்ததால படித்துறை பக்கம் ஒதுங்கி நின்னோம், பனிக்குள்ள இருந்து அதுங்க சத்தம் மட்டும் கேட்டுச்சு. ‘நான் போனா ஆவணி மாசமா பாத்து போகணும்மா, அஸ்தி கரைக்க ஆத்துல தண்ணியாவது இருக்கும்’னு சொல்லிட்டு அவரே சிரிப்பாரு. தை மாசம் போயிட்டாரு. கருப்புத் தண்ணிய பாத்துட்டு அமெரிக்காவுல இருந்து வந்த பையன் வேண்டாம்னுட்டான், ஹரித்வார் கொண்டு போனாங்க. 70கள்ல மாமா ஆடி அமாவாசைக்கு இதே படித்துறைல முங்கி எந்திரிச்சு தர்ப்பணம் பண்ணினவரு.

இந்த வருஷம், 2025 செப்டம்பர்ல மறுபடியும். 4ஆம் தேதி 207.48, பழைய 78 ரெக்கார்டுக்கு ஒரு சென்டிமீட்டர் கம்மி. இரும்புப் பாலம் மூடியாச்சு, நிகம்போத்லயே தண்ணி பூந்து எரிக்கிறத நிறுத்திட்டாங்க. அம்மா தினம் போன்ல, எவ்வளவுடி இன்னிக்குன்னு கேப்பாங்க, நான் நம்பர் சொல்லுவேன், அவங்க கொள்ளிடத்துல எவ்வளவு விட்டிருக்காங்கன்னு சொல்லுவாங்க. சாப்பிட்டியான்னு கேக்கறதெல்லாம் அதுக்கப்புறம்தான்.

நேத்து பாலத்துல பாத்தேன். தண்ணி எறங்கிருச்சு, இன்னும் பழுப்பாத்தான் ஓடுது, நாத்தம் ஆரம்பிக்க மூணு வாரமாவது ஆகும். கிழக்கு கரைல சேறு பளபளன்னு இருக்கு, அதுல ஒரு ஆளும் ஒரு பொம்பளையும் மூங்கில் நட்டுட்டு இருந்தாங்க. தார்ப்பாய் இந்த தடவ மஞ்ச.